சாமிக்கு ஒத்திகை கிடையாது

“ஸ்டாப்! ஸ்டாப்!” என்று டெரன்ஸ் கத்தினார். சாமி நிற்கவில்லை.

உதவியாளர் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கி மறுபடி கத்தினார். நாதஸ்வரம் அதைவிடப் பெரிதாக ஒலித்தது. எட்டுப் பேர் தோளில் பல்லக்கு ஆடி ஆடித் தெருமுனைவரை போனது. முதலில் குடை திரும்பியது, பிறகு தவில், கடைசியாகப் பல்லக்கின் பின்பக்கம் தொங்கிய மல்லிகைச் சரம். அப்புறம் தெரு காலி. கற்பூர வாசனை மட்டும் மிச்சமிருந்தது.

டெரன்ஸ் என் பக்கம் திரும்பினார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து மூன்று மணி வெயிலில் அவர் மூக்கு தக்காளிப் பழமாகியிருந்தது.

“கோமளா, அவர்கள் எங்கே போகிறார்கள்?”

“சுற்றிக்கொண்டு வருவார்கள்.”

“எதைச் சுற்றிக்கொண்டு?”

“நாலு தெருவையும்.”

“எப்போது வருவார்கள்?”

நேர்மையாகச் சொன்னால், யாரும் நிறுத்தாவிட்டால் அரை மணி நேரம். ஆனால் எங்கள் ஊரில் சாமி தெருவில் வரும்போது நிறுத்தாத வீடு எது? “வெளிச்சம் போவதற்குள் வந்துவிடுவார்கள்” என்று சொல்லிவைத்தேன். சொல்லும்போதே வேண்டிக்கொண்டேன்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. காஞ்சிபுரத்தில் படம்பிடிக்க யார் வந்தாலும் நான்தான் ஆள். வீடு பிடிப்பது, தெருக்காரர்களைச் சமாதானம் செய்வது, நடிகைக்குக் கழிப்பறை தேடுவது, நடிகருக்கு இரண்டு கழிப்பறை தேடுவது எல்லாம் என் பொறுப்பு. ‘லோகேஷன் மேனேஜர்’ என்று அட்டை அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். டெரன்ஸைப் போல் ஒரு பிரிட்டிஷ் டைரக்டருக்கு நான் வேலை பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சற்றுத் தள்ளி, பெரிய குடையின் கீழ், பெவர்லி அம்மாள் உட்கார்ந்திருந்தார். லண்டனில் படத்துக்குப் பணம் போட்டவர்கள் அனுப்பிவைத்த ஆள் அவர். அன்று சூரியன் மறைவதற்குள் இந்த ஊர்வலக் காட்சி முடிய வேண்டும். முடியாவிட்டால் படத்தை டெரன்ஸிடமிருந்து எடுத்து இன்னொரு டைரக்டரிடம் கொடுத்துவிட பெவர்லிக்கு அதிகாரம் இருந்தது. அந்த இன்னொருவர் ஏற்கெனவே சென்னைக்கு வந்து, ஓட்டல் நீச்சல் குளத்தங்கரையில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்.

டெரன்ஸுக்கும் இது தெரியும்.

பிஸ்கட்டில் ஆரம்பித்தது

டெரன்ஸின் வரலாற்றை அவரே எனக்குச் சொன்னார். தினமும் காலையில் கோயில் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரம் கட்டியபடி, தவணை முறையில் சொன்னார். நம் ஊர் ஆட்கள் தங்கள் பெருமையைப் பந்தியில் சொல்வார்கள். இவர் தன் தோல்விகளைச் சொன்னார், அதுவும் ரசித்து ரசித்து.

முதலில் பிஸ்கட் விளம்பரம். நடிகை வேண்டாம், பிஸ்கட் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவே பிஸ்கட் சாப்பிடட்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். அந்த அம்மா பல வருடமாக அந்த வாசனையிலேயே கிடந்தவள். வேப்பங்கொழுந்தை மெல்லுவது போல் மென்றாளாம். கம்பெனி தலையில் அடித்துக்கொண்டது. ஆனால் அதைப் பார்த்த ஒரு தயாரிப்பாளர், “இந்த முகம் பொய் சொல்லவில்லை” என்று சொல்லி டெரன்ஸுக்கு முதல் படம் கொடுத்தார்.

கலங்கரை விளக்கக் காவலாளி ஒருவரைப் பற்றிய படம். நிஜக் காவலாளியையே போட்டார். படம் நாடு நாடாகப் போய்ப் பரிசு வாங்கியது. அன்றிலிருந்து டெரன்ஸுக்கு ஒரே வேதம்தான். நடிப்பவர்கள் வேண்டாம், நிஜமாகவே அதைச் செய்பவர்கள்தான் வேண்டும்.

அந்த வேதம்தான் பிறகு அவர் தலையில் கை வைத்தது. திருடர்கள் படத்துக்கு நிஜத் திருடர்களைப் போட்டார். இரண்டாம் நாளே கேமராவைக் காணோம். விவாகரத்து வக்கீல் வேடத்துக்கு நிஜ வக்கீலைப் போட்டார். படப்பிடிப்பு முடிவதற்குள் தயாரிப்பாளரின் மனைவி அவரிடம் வழக்கைக் கொடுத்துவிட்டாள். துறவிகள் மடத்தைப் பற்றி ஒரு படம். மலை மேலிருந்த நிஜத் துறவிகளைத் தேடிப் பிடித்து, பக்கம் பக்கமாக வசனம் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அவர்கள் மௌன விரதக்காரர்கள் என்பது முதல் நாள் காலையில்தான் தெரியவந்தது.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் தொலைக்காட்சி. துப்பறியும் நாய். நான் நிஜப் போலீஸ் நாயைக் கேட்டு வாங்கினேன்.”

“நல்ல நாயா?”

“மிக நல்ல நாய். என் குழுவில் பாதிப் பேரைப் பிடித்துக் கொடுத்துவிட்டது.”

நான் சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, அவரே எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு குளியலறை ஓடு விளம்பரம் எடுத்தாராம். அதற்கும் பிறகு பல வருடம் அவருக்குப் போனே வரவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் ரசிக்கவில்லை. மிளகைப் பொறுக்குவதை நிறுத்திவிட்டார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

“இது போனால் வேறு எதுவும் இல்லை, கோமளா” என்றார்.

இந்தப் படம் கணவனை இழந்த ஓர் ஆங்கிலேயக் கிழவியைப் பற்றியது. கணவன் செத்தபோது அழாதவள். காஞ்சிபுரத்துக்கு வருகிறாள். ஒரு நீலக் கதவு வாசலில் நிற்கும்போது எதிரே சாமி ஊர்வலம் வருகிறது. அதைப் பார்த்ததும் முதல் தடவையாக அழுகிறாள். படத்தின் உயிரே அந்த அழுகைதான். கிழவியாக நடித்தவர் டோரதி அம்மாள். நடிகையைப் போட எப்படி ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “தயாரிப்பாளர் வற்புறுத்தினார். தவிர, அவர் நிஜமாகவே விதவைதான்” என்றார்.

யார் சாயலும் இல்லாத சாமி

கோயில் உற்சவரைச் சினிமாவுக்குக் கேட்க முடியாது. கேட்டால் என்னை ஊரை விட்டே துரத்துவார்கள். அதனால் லண்டனில் ஃபைபரில் ஒரு சாமி செய்தார்கள்.

அங்கேதான் வக்கீல்கள் நுழைந்தார்கள். எந்தத் தெய்வத்தின் சாயலும் இருக்கக் கூடாது, யார் மனமும் புண்படக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள். நாலு கை கூடாது. மூன்றாவது கண் கூடாது. வேல், மயில், சங்கு, சக்கரம், தும்பிக்கை எதுவும் கூடாது. இதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சத்தைச் செய்து பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். டெம்போவில் வந்து இறங்கிய பெட்டியை உடைத்து, குமிழ் குமிழான பிளாஸ்டிக் தாளைப் பிரித்துப் பார்த்தோம். ‘கடன்தானே, நாளைக்கு வாங்க’ என்று சொல்லும் வங்கி மேலாளர் மாதிரி ஓர் ஆள், லேசாகப் புன்னகைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

குருக்கள் யாரும் வரச் சம்மதிக்கவில்லை. “பொம்மைக்கு நான் தீபாராதனை காட்டறதாம்மா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பல்லக்குத் தூக்க நிஜ ஆட்கள் கிடைத்தார்கள். முசரவாக்கத்து ஏகாம்பரம் அண்ணனும் அவர் கூட்டாளிகளும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் புறப்பாடானாலும் தோள் கொடுப்பவர்கள். ஏகாம்பரம் அண்ணனின் வலது தோளில் கட்டை விரல் அளவுக்குக் காய்த்துப் போயிருக்கும். அதைப் பார்த்ததும் டெரன்ஸின் கண் கலங்கிவிட்டது.

“இது எந்த சாமிமா?” என்று ஏகாம்பரம் கேட்டார்.

“சாமியே இல்லண்ணே. சினிமாவுக்குச் செஞ்சது.”

“சரி, இன்னா பண்ணணும்?”

டெரன்ஸிடம் கேட்டேன். அவர் தன் வேதத்தைச் சொன்னார். “நடிக்கவே வேண்டாம் என்று சொல். நிஜமாக எப்படிச் செய்வார்களோ, ஒரு மயிரிழை கூட மாறாமல் அப்படியே செய்யட்டும்.”

நான் சொன்னேன். ஏகாம்பரம் பூக்கூடையை எட்டிப் பார்த்தார்.

“நெசமாவா? அப்போ இந்தப் பூ பத்தாதே.”

ஆள் அனுப்பிப் பூ வாங்கிவந்தார்கள். குளித்துவிட்டு வந்தார்கள். விபூதி பூசி, வேட்டியை வரிந்துகட்டி, பல்லக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மாலைமேல் மாலையாகப் போட்டதில் வங்கி மேலாளர் கழுத்துவரை மறைந்து, புன்னகை மட்டும் தெரிந்தது. தெருப் பெண்கள் தட்டோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வேறு. கேட்க வேண்டுமா?

பின்னால் போகாத பல்லக்கு

இனி, டெரன்ஸ் “ஸ்டாப்” என்று கத்தியதற்குக் காரணம்.

அந்த முதல் நடையில் கேமரா ஓடவில்லை. அவர் கணக்கில் அது ஒத்திகை. பல்லக்கு நீலக் கதவைத் தாண்டும், டோரதி அம்மாள் அழுவதுபோல் செய்து பார்ப்பார், பிறகு எல்லோரும் பழைய இடத்துக்குத் திரும்புவார்கள், அப்புறம் கேமராவோடு ஒரு முறை. உலகம் முழுக்கச் சினிமா இப்படித்தான் எடுக்கிறார்கள்.

டோரதி அம்மாள் ஒத்திகையில் அழுத அழுகையைப் பார்த்து விளக்குப் பிடித்தவர்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். பல்லக்கு கதவைத் தாண்டியது, தெருவைத் தாண்டியது, முனையில் திரும்பியது.

நானும் டெரன்ஸும் ஓடிப்போய் அடுத்த தெருவில் பிடித்தோம். முதல் வீட்டு வாசலில் யாரோ தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, திரும்பி வரணுமாம். மொதல்லேர்ந்து மறுபடி போவணுமாம்.”

ஏகாம்பரம் பல்லக்குத் தண்டை இறக்காமல் தலையை மட்டும் திருப்பினார். “திரும்பியா? எப்டிமா திரும்பறது?”

“வந்த வழியே…”

“கோமளாம்மா, நீ இந்த ஊர்லதான பொறந்த?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். புறப்பட்ட சாமி வலம் வந்துதான் இடம் சேரும். மழை பிடித்தால் மண்டபத்தில் ஒதுங்கும். ஆட்டம் காட்டும்போது நாலடி முன்னால் வந்து நாலடி பின்னால் போகும், அது அழகுக்கு. ஆனால் கிளம்பிய இடத்துக்கு அப்படியே பின்வாங்கிப் போனது என்று சரித்திரம் கிடையாது.

மொழிபெயர்த்தேன். டெரன்ஸ் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். பல்லக்கை நடக்க வைக்க வேண்டாம். சாமியை மட்டும் இறக்கி டெம்போவில் வைத்து ஆரம்ப இடத்துக்கு ஓட்டிப் போய்விடலாம்.

“சாமிய டெம்போல ஏத்தறதா!” ஏகாம்பரத்தின் குரலுக்குத் தவில்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

“அண்ணே, காலைல டெம்போலதான வந்திச்சி? பிளாஸ்டிக் தாள் சுத்தி, காலும் கையும் கட்டி?”

“அப்போ அது பொம்ம. இப்போ பொறப்பாடு ஆயிடிச்சி.”

“சாமியே இல்லன்னு உங்கள்ட்ட மொதல்லயே சொன்னேனே?”

“சொன்ன. அப்பறம் நெசமா பண்ற மாரியே பண்ணுங்கன்னும் சொன்ன. ரெண்டுல எத கேக்கறது? எங்களுக்கு நெசமா பண்ணத்தான் தெரியும்மா, ஒத்திகையெல்லாம் வராது.”

இதையும் மொழிபெயர்த்தேன். டெரன்ஸ் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் படியில் உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்கத் தான் பிரசங்கம் செய்ததை முசரவாக்கத்திலிருந்து ஒருவர் வந்து அப்படியே கடைப்பிடிக்கிறார். எப்படிக் கோபப்படுவது?

“அவர் சொல்வது சரிதான்” என்றார். சொல்லும்போது குரல் பரிதாபமாக இருந்தது.

ஓடிய கதவு

பெவர்லி நடந்துவந்தார். அவர் மோசமான பெண்மணி அல்ல என்று இங்கே எழுதிவிட வேண்டும். “இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று மட்டும் கேட்டார். தெருவில் கண்ணுக்கெட்டியவரை வாசலுக்கு வாசல் தட்டும் கற்பூரமுமாக ஆட்கள் நின்றார்கள். நான் வாசல்களை எண்ண ஆரம்பித்தேன்.

திடீரென்று டெரன்ஸ் எழுந்தார். சாமி கேமராவிடம் வராவிட்டால் கேமரா சாமியிடம் போகட்டும்! பல்லக்குக்கு முன்னால் ஓடி, அடுத்த தெருவில் இடம் பிடித்து அங்கே எடுத்துவிட வேண்டியதுதான்.

ஒரே சிக்கல், கதவு. டோரதி அம்மாள் நீலக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும் காட்சியை முந்தைய நாளே எடுத்தாகிவிட்டது. ஆகவே நீலக் கதவும் ஓட வேண்டும். தச்சர்கள் நாலு பேர் அதை நிலையோடு பெயர்த்துத் தலைமேல் தூக்கினார்கள். டோரதி அம்மாளுக்கு முட்டிவலி. குறுக்கே வந்த ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவை மறித்து ஏற்றினேன். உள்ளே இருந்தவர்கள் இறங்க மறுத்துவிட்டார்கள். சினிமாவில் வருவோமில்லையா? கீரைக் கட்டு வைத்திருந்த ஓர் அம்மா மட்டும் நகர்ந்து இடம் கொடுத்தாள். முன்னால் கதவு, பின்னால் ஆட்டோ, அதற்குப் பின்னால் கேமரா, கடைசியில் மூச்சிரைக்க நானும் டெரன்ஸும். எங்களுக்குப் பின்னால் சாமி நிதானமாக வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் தெருவின் கடைசியில் சரோஜா அக்கா வீட்டு நிலையில் நீலக் கதவைக் கயிறு போட்டுக் கட்டினோம். சரோஜா அக்கா கையில் தட்டோடு வந்தாள்.

“ஏண்டி கோமளா, எங்க வூட்டுக் கதவுக்கு இன்னா கொறச்சல்?”

“ஒண்ணும் கொற இல்லக்கா. அஞ்சு நிமிஷம். நீங்க கொஞ்சம் உள்ள இருந்தீங்கன்னா…”

“நான் உள்ளயா? எங்க வாசல்ல சாமி வந்துக்கினு இருக்குது, நான் உள்ள இருக்க, இந்த வெள்ளக்காரம்மா வெளிய நிக்குமா? வேணுன்னா எங்கூட நிக்கட்டும், நான் இன்னா வேணான்னா சொல்றேன்?”

சொன்னதோடு நில்லாமல் டோரதி அம்மாள் நெற்றியில் குங்குமம் வைத்து, தலையில் பூ வைத்து, தட்டின் ஒரு பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிட்டாள். கேமரா ஓடியது. பல்லக்கு வந்து நின்றது. அழ வேண்டிய டோரதி அம்மாள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு தீபம் சுற்றினார். இத்தனை பேர் தன்னைத் தங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டதில் அழுகையே வரவில்லை என்று பிறகு மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாம் தெருவுக்கு ஓடினோம். அந்தத் தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஒலிப்பதிவாளர் மகிழ்ந்துபோய் மைக்கை நீட்டினார். சாமி நெருங்க நெருங்க ஒவ்வொரு வீட்டிலும் தறி நின்றது. ஆட்கள் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து கைகூப்பினார்கள். தான் மைக்கை நீட்டும் இடத்திலெல்லாம் சத்தம் செத்துப்போவதைக் கண்டு அவர் கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

இதைவிடப் பெரிய தொல்லை அங்கே காத்திருந்தது. நீலக் கதவு இருக்கும் வீட்டு வாசலில் சாமி கூடுதல் நேரம் நிற்கிறது என்று செய்தி எங்களுக்கு முன்னால் ஓடி வந்துவிட்டது.

“கதவ எங்க வூட்ல வைங்க!”

“எங்க வூட்ல பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப் போய்க்கினே இருக்குதுபா, இங்க வைங்க!”

இரண்டு வீட்டார் ஆளுக்கொரு பக்கம் கதவைப் பிடித்து இழுத்தார்கள். தச்சர்கள் நடுவில் மாட்டிக்கொண்டு ஆடினார்கள். டோரதி அம்மாளை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று தெரியாமல் நான் தவித்தபோது பல்லக்கு வந்தது, நின்றது, போயே போய்விட்டது. கேமராவில் பதிவானதெல்லாம் கதவை இழுப்பவர்களின் முதுகுதான். சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

நாலாம் தெருவில் நாங்கள் முயலவேயில்லை. கதவை எடுத்துக்கொண்டு ஆரம்பித்த வீட்டுக்கே போய் மாட்டினோம். எப்படியும் சாமி அங்கேதான் வந்து சேரும்.

கோபுரத்துக்குப் பின்னால்

வெயில் மஞ்சளாகி, மேற்கே கோபுரத்தை ஒட்டி இறங்கிக்கொண்டிருந்தது. இருந்த வெளிச்சம் ஒரே ஒரு முறைக்குத்தான் தாங்கும். பெவர்லி கையில் போனோடு நின்றார். டெரன்ஸ் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றார். கத்தவில்லை, கட்டளை போடவில்லை. நான் அறிந்த எல்லாத் தெய்வங்களையும் வேண்டிவிட்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கடைசியாக அந்த ஃபைபர் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

நாதஸ்வரம் கேட்டது. கேமரா ஓட ஆரம்பித்தது.

டோரதி அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு தெரு சுற்றிய களைப்பு. செருப்பை எங்கேயோ விட்டுவிட்டார். பல்லக்கு எதிரே வந்ததும் அவர் உதடு துடித்தது. ஒத்திகையில் பார்த்த அழுகை இதன்முன் நிற்காது. கணவர் பெயரோ என்னவோ முணுமுணுத்தார். இன்னும் சில நொடிகள், அவ்வளவுதான் தேவை.

அப்போது ஏகாம்பரம் பல்லக்கைத் தாங்குகட்டைகளில் நிறுத்தச் சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு, நேராகக் கேமராவை நோக்கி நடந்து வந்தார்.

டோரதி அம்மாளுக்கு முன்னால் வந்தார். கேமராத் திரை முழுக்க ஏகாம்பரத்தின் மார்பும் விபூதியும்தான். கேமராவைச் சுற்றிக்கொண்டு போய், டெரன்ஸின் எதிரே நின்று, அந்தப் பட்டை அவர் தலையில் பரிவட்டமாகக் கட்டினார். கழுத்தில் மாலை போட்டார். தவில் கொட்டி முழங்கியது. தெருவே கேமராவைப் பார்த்துக் கும்பிட்டது. டோரதி அம்மாள் அழுகையை மறந்து எட்டிப் பார்த்தார்.

புறப்பாட்டுச் செலவை ஏற்றவர் உபயதாரர். வலம் முடிந்து சாமி உள்ளே போகுமுன் முதல் மரியாதை அவருக்குத்தான். ஏகாம்பரத்தின் கணக்கில் அது டெரன்ஸ்தான். ஒரு மயிரிழை கூட மாறக் கூடாது என்று அவரே சொன்னாரே, மாறவில்லை.

சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் போய்விட்டது. பெவர்லி போனில் லண்டனோடு பேசினார். பிறகு டெரன்ஸிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் கண்ணிலும் நீர் இருந்தது. டெரன்ஸ் பரிவட்டத்தோடு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். படம் போய்விட்டது. இதற்குமேல் அவரை நம்பி இன்னொரு படம் தர உலகத்தில் யாரும் இல்லை என்று அங்கே நின்ற வெள்ளைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏகாம்பரத்துக்கு இதெல்லாம் தெரியாது. ஆங்கிலத்தில் நடந்தது. அவர் தொன்னையில் சர்க்கரைப் பொங்கலை எடுத்துவந்து டெரன்ஸ் கையில் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“அடுத்த வருசமும் சாரேதான? கேட்டுச் சொல்லும்மா.”

“இன்னாண்ணே?”

“உபயம் ஒரு தபா எடுத்தா வருசா வருசம் எடுக்கணும்மா. சாருக்கு இஷ்டம்னா சார் பேர்லயே இருக்கட்டும். வேற யார் வந்து கேட்டாலும் தரமாட்டோம்னு சொல்லு.”

டெரன்ஸிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் புரியாமல் பார்த்தார். மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன்.

“அடுத்த வருடம், நானா?”

“ஆமாம். உங்களையேதான் கேட்கிறார். வேறு யாருக்கும் தரமாட்டாராம்.”

அவர் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். பொங்கல் நெய் விரலிடுக்கில் வழிந்தது. பிறகு, “எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேள்” என்றார்.

“தை மாசம் கடைசி வெள்ளிக்கெழம, மூணு மணிக்குப் பொறப்பாடு” என்றார் ஏகாம்பரம். “சாப்பாட்டுக்கே வந்துடச் சொல்லும்மா.”

டெரன்ஸ் தொன்னையை என்னிடம் கொடுத்துவிட்டு, கையை வேட்டி கட்டியவர் போலக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தார். நாட்காட்டியில் அடுத்த வருடத்துக்குப் போனார். நான் தேதியைக் கணக்குப் போட்டுச் சொன்னேன். குறித்துக்கொண்டார். அந்த வருடம் முழுக்க வெள்ளை வெள்ளையாக இருந்த கட்டங்களில் அது ஒன்றில்தான் எழுத்து இருந்தது.